முட்டியை மடக்காதே

மஞ்சள் குழாயின் வாயிலிருந்து முதலில் ஒரு டார்ச் வெளியே வருகிறது. பிறகு ஒரு கை, ஒரு நரைத்த தலை, கடைசியில் முழங்கால்களில் தரைக்கல் பதிப்பவர்கள் கட்டும் ரப்பர் பட்டைகளோடு முழு ஆள். ஐம்பத்தெட்டு வயது. இடுப்பில் தொங்கும் துணிப்பையில் காலை அறுவடை: மூன்று ஒற்றைக் காலுறைகள், ஒரு ஹேர்கிளிப், பாதி கடித்த அழிரப்பர், ஒரு பால்பல். பல்லை மட்டும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"கீழ்ப் பல்லு. முன்னாடி. ஆறரை வயசு இருக்கும். நேத்து வந்ததுல ஆறரை மூணு பேரு. சாயங்காலத்துக்குள்ள ஆளைப் புடிச்சிடுவேன்."

அடுத்த குழாய் நீலம். தலையை உள்ளே விட்டு, "யாரு இருக்கீங்க?" என்று கேட்கிறார். கேட்டுவிட்டு உண்மையாகவே காத்திருக்கிறார். காலை ஒன்பதே முக்கால். கதவு திறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. கட்டடத்தில் அவரும் அவர் மகனும், அவரைப் பற்றி எழுத வந்த நானும்தான். குரல் குழாய்க்குள் வளைந்து வளைந்து போய் எங்கோ மேலே முடிகிறது. பத்து எண்ணும் நேரம் கழித்துத்தான் நுழைகிறார். இப்படிப் பதினான்கு குழாய்கள்.

யாராவது பதில் சொன்னது உண்டா என்று கேட்டேன்.

"இதுவரைக்கும் இல்ல," என்றார். சிரிக்கவில்லை. "அதுக்காகக் கேக்காம நுழைய முடியுமா?"

குழந்தைகள் அவரைக் கோடு அத்தை என்கிறார்கள். பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டுவிட்டார்கள். ஒரு காலத்தில் சைக்கிள் உதிரி பாகங்கள் அடுக்கியிருந்த கிடங்கில் இருபத்தாறு வருடங்களாக விளையாட்டு அரங்கு நடத்துகிறார். கீழே குழாய்களும் வலைகளும் பின்னிய ஒரு பெரிய குடல், பந்துக்குளம், ஆறு விளையாட்டு மெஷின்கள், வட்டமாக ஓடும் குட்டி ரயில். மாடியில் பிறந்தநாளுக்கு இரண்டு அறைகள். மழை பெய்தால் இன்னும் கிரீஸ் வாசனை வருகிறது.

மெஷின்கள் காலையிலேயே ஓடத் தொடங்கிவிடுகின்றன. ஏழு நிமிடம் யாரும் தொடாவிட்டால் ஒவ்வொன்றும் தானாகக் கூப்பிடும். "யாரு அங்க? வா, விளையாடலாம்!" எட்டு வயதுப் பையனின் குரல். அந்தப் பையனுக்கு இப்போது முப்பத்து நாலு வயது. நுழைவாயில் மேஜையில் கம்ப்யூட்டருக்குப் பின்னால், முன்நெற்றி ஏறிப்போய் உட்கார்ந்திருக்கிறார்.

"பெரியவங்க குரல்ல கூப்பிட்டா புள்ள அம்மா மூஞ்சியைத் திரும்பிப் பாக்கும்," என்றார் கோடு அத்தை. "புள்ள குரல்ல கூப்பிட்டா நேரா ஓடும்."

"ஏழு நிமிஷத்துக்கு ஒருதரம் நானே என்னைக் கூப்பிடறேன் சார்," என்றார் மகன். "ஒரு தடவைகூடப் போனதில்ல."

இந்தத் தெருவுக்கு நாலு தெரு தள்ளி, கடைகள் நிறைந்த பெரிய கட்டடத்தின் நான்காம் மாடியில் ஒரு நிறுவனம் இதைப்போல் மூன்று மடங்கு பெரிய அரங்கைத் திறந்தது. திறப்பு விழா அன்று கோடு அத்தை போய் ஒரு மூலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். "அம்மாங்க பையை மாட்ட ஒரு ஆணி இல்ல. நாற்காலிக்கு முதுகு இல்ல. ஆறு மாசம் தாங்கும்னு வந்து சொன்னேன். பதினெட்டு மாசம் தாங்குச்சு. கையில காசு இருந்திருக்கு, பாவம்."

அவர் தொழில் ரகசியம் என்று எதையும் ஒளிப்பதில்லை. கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். "நான் புள்ளைங்களுக்கா நடத்தறேன்? அம்மாங்க முதுகுக்கு நடத்தறேன். புள்ளைக்கு எந்தப் பொந்தும் போதும். அவ அரை மணி நேரம் சாஞ்சு உக்காந்துட்டா, அடுத்த வாரம் புள்ளையை அவளே இழுத்துட்டு வருவா." இங்கே எந்த நாற்காலியில் சாய்ந்தாலும் ஒவ்வொரு குழாயின் இரண்டு வாய்களும் தெரியும். மற்ற அரங்குகளில் கடிகாரத்தை ஒளித்துவைப்பார்கள். இவர் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒன்றை மாட்டியிருக்கிறார். நேரம் தெரியாமல் உட்காரவைத்தால் வீட்டுக்குப் போய்த் திட்டுவார்களாம். எந்தக் குழந்தையும் இங்கிருந்து அழுதுகொண்டு போவதில்லை. கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது, வெளியே சிதறிய பந்துகளில் பத்தைப் பொறுக்கிக் குளத்தில் போடும் பொறுப்பை ஒப்படைத்துவிடுவார். "விளையாட்டை நிறுத்துன்னா அழும். வேலையை முடின்னா முடிச்சிட்டுப் போயிடும். பெரியவங்களும் அப்படித்தான்."

ஆனால் இருபத்தாறு வருடங்களைத் தாங்கியது நாற்காலியும் கடிகாரமும் அல்ல. சுவர்.

நுழைந்ததும் வலது கைப்பக்கம், ஜன்னல் இல்லாத வெள்ளைச் சுவர். முப்பது அடி நீளம். முழுக்கப் பென்சில் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு பெயர், ஒரு தேதி. பிறந்தநாளுக்கு வரும் குழந்தையை நிறுத்தி, தலையில் சின்னப் பலகையை வைத்து, கோடு போட்டுவிடுவார். அடுத்த வருடம் அதற்கு மேல் இன்னொன்று. தூரத்திலிருந்து பார்த்தால் சுவரில் மழை பெய்து காய்ந்த தடம் போல இருக்கிறது. பக்கத்தில் போனால், இடுப்பு உயரத்தில் ஒரு கூட்டம் நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்பது போலத் தோன்றும்.

"மெஷின் எல்லார்கிட்டயும் இருக்கு. இவன் போன வருஷம் எவ்வளவு இருந்தான்கிறது என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அதை விட்டுட்டு எங்க போவாங்க?"

மூடுவதற்கு முன் அந்த நிறுவனத்து ஆள் ஒருவர் வந்து சுவரைப் படமெடுத்துப் போனார். அவர்களுடைய மற்றக் கிளைகளில் இப்போது ஒட்டகச்சிவிங்கி படம் ஒட்டி அதில் எண்கள் போட்டிருக்கிறார்கள். "பென்சில் வைக்கல பாருங்க," என்று சொல்லிக் கோடு அத்தை அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தாராம்.

சுவரின் நீளத்துக்கு, அவர் தோளுக்குச் சற்றுக் கீழே, ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. அதைத் தாண்டியவர்களுக்கு இங்கே இடமில்லை. ஆரம்ப வருடங்களில் ஒரு பெரிய பையன் குழாயின் வளைவில் நாற்பது நிமிடம் சிக்கிக்கொண்டான். குழாயை அறுத்து எடுத்தார்கள். அந்த ஒட்டு இன்னும் வேறு நீலத்தில் தெரிகிறது. மறுநாள் சிவப்பு பெயின்ட் வாங்கி வந்தார். அன்றிலிருந்து விதி விதிதான்.

போக மனமில்லாத பிள்ளைகள் முழங்காலை லேசாக மடக்கி நிற்பார்கள். அவர் குனிந்து பார்க்கமாட்டார். பார்க்காமலே கையிலிருக்கும் மர ஸ்கேலால் முட்டிச் சில்லில் ஒரு தட்டு. "முட்டி." அவ்வளவுதான், கால் நிமிர்ந்துவிடும். கோட்டைத் தாண்டினால் "ஏறிட்டான்" என்று குரல் கொடுப்பார். மேஜையில் இருப்பவர் கயிற்றை இழுத்து மணி அடிக்கவேண்டும். எல்லோரும் கைதட்டுவார்கள். குழந்தையின் அட்டை, அத்தனை வருட உயரங்களும் எழுதியது, அதன் கையிலேயே கொடுக்கப்படும். நகல் வைத்துக்கொள்வதில்லை. அதன்பின் அந்த வீட்டுக்கு இங்கிருந்து போன் போகாது.

"என்னையும் இப்படித்தான் மணியடிச்சுத் துரத்தினாங்க," என்றார் மகன். "பதினொரு வயசு. அந்த மஞ்சக் குழாய்க்குள்ள போய் ஒரு மணி நேரம் அழுதேன். வெளிய நின்னு என்ன சொன்னாங்க தெரியுமா? சீக்கிரம் வாடா, அடுத்த ஆளு நிக்குதுன்னு."

"நின்னுச்சே," என்றார் கோடு அத்தை.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, அவர் செருப்புப் பெட்டியைத் திறந்து அடுத்த மாதத்து அட்டைகளை எடுத்துப் போன் செய்வார். மகன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, தானாகவே செய்தி போகும்படி அமைத்துத் தந்தும் கேட்கவில்லை. பேச்சு எப்போதும் ஒன்றுதான். "அடுத்த மாசம் நம்ம ராஜாவுக்கு ஏழு முடியுது. கேக் மேல என்ன பொம்மை வைக்கலாம்?" வருகிறீர்களா என்று கேட்பதே இல்லை. "வர்றீங்களான்னா, யோசிச்சுச் சொல்றேன்னுவாங்க. பொம்மைன்னா புள்ளையைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. முடிஞ்சுது."

"அந்தக் கேள்விக்கு இல்லைன்னு பதில் சொல்ல வழியே கிடையாது சார்," என்றார் மகன். "நானும் யோசிச்சுப் பாத்துட்டேன்."

நாலு வருடத்துக்கு முன் ஒரு முதல் தேதி, ஒரு தாயிடம் அதே கேள்வியைக் கேட்டார். எதிர்முனையில் வெகுநேரம் சத்தம் இல்லை. பிள்ளையைத் தேடிப் போயிருப்பாள் என்று இவர் காத்திருந்தார்.

"ரயிலு," என்றாள் அந்தத் தாய்.

எத்தனை பேருக்கு என்றார். பன்னிரண்டு என்றாள்.

அந்த நாள் வந்தபோது மாடி அறையில் பன்னிரண்டு காகிதத் தொப்பிகள், பன்னிரண்டு தட்டுகள், ரயில் வைத்த கேக். அவள் தனியாகக் கைப்பையோடு வந்து, சுவரோரம் முதுகு உள்ள நாற்காலியில் உட்கார்ந்தாள். பசங்க பின்னாடி வராங்களா என்று இவர் கேட்டார். இல்லை என்றாள். பையன் நாலு மாதத்துக்கு முன் போய்விட்டான். காய்ச்சல், ஐந்து நாள். சொல்லிவிட்டு, "நீங்க என்ன பொம்மைன்னு கேட்டீங்களா, எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல," என்றாள்.

பிறகு கீழே இறங்கி, சுவரில் தன் பையனின் பெயரை விரலால் தேடினாள். ஆறாம் பிறந்தநாள் கோட்டில் விரல் நின்றது.

"ஏழுக்கு எவ்வளவு வந்திருப்பான் அக்கா?"

இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கோடு அத்தையின் தொழில். பலகையை எடுத்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு போன், ஒரு ரயில், ஒரு கோடு. தோராயமாகப் போடுவதில்லை. அதே மாதம் பிறந்த மற்றப் பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்று சுவர் முழுக்க நடந்து பார்த்துவிட்டுத்தான் பலகையை வைப்பார். ஒரு வருடம் கொஞ்சம் குறைத்துப் போட்டுவிட்டார். தாய் விடவில்லை. "அவங்க அப்பா பக்கம் எல்லாரும் நெடுநெடுன்னு இருப்பாங்க அக்கா. இவன் இவ்வளவுதானா?" இவர் ரப்பரை எடுத்து அழித்து, ஒரு விரல் ஏற்றிப் போட்டார்.

அந்தப் பெயருக்கு நேரே நானும் குனிந்து பார்த்தேன். சுவரில் உள்ள கோடுகள் எல்லாமே எங்காவது லேசாக நெளிந்திருக்கும். பலகைக்கு அடியில் குழந்தை சும்மா நிற்காது, சிரிக்கும், மூக்கைச் சொறியும். இந்தப் பையனின் முதல் மூன்று கோடுகளும் அப்படியே. அதற்கு மேல் உள்ள நான்கும் அச்சடித்தது போல நேராக இருக்கின்றன. கடைசிக் கோட்டுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவில் என் இரண்டு விரல் அகலம்.

கோடு அத்தையின் மகனுக்கு இது பிடிக்கவில்லை. அம்மாவை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டது இந்த ஒரு விஷயத்தில்தான்.

"தெரியாம ஒரு போன் பண்ணிட்ட. மன்னிச்சுக்கம்மான்னு அன்னைக்கே முடிச்சிருக்கலாம். இல்லாத பையனை வருஷா வருஷம் வளத்துக்கிட்டு இருக்க. நல்லதா இது?"

"மன்னிச்சுக்கோம்பேன். பரவால்லைங்கம்பா. அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவங்க வீட்டுக்குப் போவாங்க."

"பையன் எங்க போவான்?"

மகன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். "சரி, இந்த வருஷம் ஏறிடுவான் இல்ல? விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே? எனக்கு அடிச்ச மணிதானே?"

கோடு அத்தை செருப்புப் பெட்டியைத் திறந்தார். அன்று முதல் தேதி. மற்ற எல்லா அட்டைகளையும் முடித்துவிட்டு, அந்த ஒன்றைக் கடைசியில் எடுத்தார். மூலைகள் மழுங்கிப்போன அட்டை. கண்ணாடி எடுத்துவராததால், அன்று மற்றப் போன்களைப் போலவே இதற்கும் மகனே எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டுக் கொடுத்தார்.

"அடுத்த மாசம் நம்ம ராஜாவுக்குப் பதினொண்ணு முடியுது. கேக் மேல என்ன வைக்கலாம்?"

"ரயிலுதான் அக்கா." உடனே வந்தது பதில். முதல் மணியிலேயே எடுத்திருந்தாள். பிறகு, "அக்கா, இந்த வருஷம் அவன் ஏறிடுவானா?"

மெஷின் ஒன்று கூப்பிட்டது. யாரு அங்க? வா, விளையாடலாம்.

"ஏறிட்டா அட்டையைக் கையில குடுத்துடுவீங்க இல்ல? வேற எங்கயும் யாரும் அவன் பொறந்தநாளைக் கேக்கறதில்ல அக்கா. வீட்லகூட அந்தப் பேச்சை எடுக்கக்கூடாதுன்னுட்டாங்க."

"வாம்மா," என்றார் கோடு அத்தை. "நிக்க வச்சுப் பாப்போம்."

போனை வைத்ததும் மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ கயித்தைப் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த பந்துகளைக் கழுவப் போய்விட்டார்.

அவள் வந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்று மணி. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அரங்கில் ஆள் இருக்காது. ஒரு தாய் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவருடைய மூன்று வயதுப் பெண் ஒரு சிவப்புப் பந்தைத் தனியாகத் துரத்திக்கொண்டிருந்தாள். விளக்குகள் எல்லாம் எரிந்தன. ரயில் யாரும் இல்லாமல் வட்டம் போட்டது.

உள்ளே வந்தவள் நான் நினைத்திருந்ததைவிட இளையவள். அலுவலகத்திலிருந்து நேராக வந்திருந்தாள், கழுத்தில் அடையாள அட்டை. மகன் எழுந்து நின்று, "வாங்க," என்றார். மாடியில் எல்லாம் தயாராக இருக்கிறது என்றார். அவள் மாடிப்படியைப் பார்க்கவில்லை. "முதல்ல இதை முடிச்சிடலாம்," என்று சுவர்ப்பக்கம் நடந்தாள்.

கோடு அத்தை முந்தின வாரம் முழுவதும் சுவரோடு நடந்து கணக்குப் பார்த்திருந்தார். எனக்குத் தெரியும், நானும் கூட நடந்தேன். அதே மாதம் பிறந்து பதினொன்றை முடித்த பிள்ளைகள் சுவரில் ஒன்பது பேர். ஒன்பதில் எட்டுப் பேருக்கு மணி அடித்திருந்தது. ஏறாமல் தங்கிய ஒருத்திக்கு நாலரை அடி உயரத்தில் ஒரு அப்பா.

அவர் பலகையை எடுத்தார். தாய் ஒரு பக்கமாக நகர்ந்து, சுவருக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் இடத்தை விட்டு நின்றாள். மகன் மேஜைக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்திருந்தார். கயிறு ஆடவில்லை.

பந்தைத் துரத்திய சிறுமி சுவரோரமாக ஓடிவந்தாள். பந்து நேராக உருண்டு போயிற்று. அவள் அந்த இடம் வந்ததும் விலகி, வளைந்து சுற்றிக்கொண்டு போய், மறுபடி சுவரோரம் சேர்ந்து ஓடினாள்.

"நேரா நில்லுடா," என்றார் கோடு அத்தை. எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லும் அதே குரல். பலகையைச் சுவரில் வைத்தார். அது சிவப்புக் கோட்டுக்கு மேலே, ஒன்றரை விரல் மேலே நின்றது. சரியான இடம். கணக்கு அப்படித்தான் வந்திருந்தது.

தாய் அண்ணாந்து பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது பெருமை. எந்தத் தாய்க்கும் அங்கே வருவதுதான். "அப்பா மாதிரி," என்றாள். அதற்குப் பிறகுதான் கண் சிவப்புக் கோட்டுக்கு இறங்கியது. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குறைத்துப் போடுங்கள் என்று அவள் கேட்கவில்லை. குறைத்துப் போட்டால் சண்டைக்கு வந்தவள் அவள்.

மகன் அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஏறிட்டான்' என்ற அந்த ஒரு சொல் வரவேண்டும். ஏழு நிமிடம் ஆகியிருக்கவேண்டும், ஆறு மெஷின்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிட்டு ஓய்ந்தன.

கோடு அத்தை இடது கையால் பலகையைப் பிடித்தபடியே இருந்தார். வலது கை இடுப்பிலிருந்து மர ஸ்கேலை உருவியது. இத்தனை வருடங்களில் முதல்முறையாகக் குனிந்து பார்த்தார். ஸ்கேலை முட்டிக்கு முன்னால் கொண்டுபோகவில்லை. சுவருக்கும் வெற்றிடத்துக்கும் நடுவில், முழங்காலின் பின்பக்கம் இருக்கவேண்டிய இடத்தில் அதைச் செருகி, மெதுவாக, வலிக்காமல், முட்டி மடங்கும்படி தன் பக்கமாக இழுத்தார். மேலே பலகை இறங்கத் தொடங்கியது. சிவப்புக் கோட்டைத் தாண்டி இறங்கி, ஒருமுறை அசைந்து, நின்றது.